நிழல் விழும் சிறு பாத்தியை அழகாக்கும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகே எங்கள் வீட்டின் வடபுறத்தில், வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே, ஒரு பலாமரத்தின் அடியில் நான்கடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் கொண்ட பாத்தி ஒன்று இருக்கிறது. அதில் முதலில் ரோஜா வைத்தேன். கொம்புகள் நீண்டனவே தவிர மொட்டு வரவில்லை. பிறகு கேந்தி (செண்டுமல்லி) விதைத்தேன்; அது வெளிச்சத்தைத் தேடிச் சாய்ந்து, முதல் மழையிலேயே படுத்துவிட்டது. மூன்றாவதாக, நாற்றுப்பண்ணை ஒன்றில் நிழலிலும் நிறம் மாறாது என்று உறுதி சொல்லித் தந்த குரோட்டன் செடிகளை நட்டேன். நான்கு மாதங்களில் அவற்றின் மஞ்சளும் சிவப்பும் மங்கி, மிஞ்சியது அழுக்குப் பச்சைதான். குரோட்டன் இலைக்கு வண்ணம் ஏற வேண்டுமானால் நல்ல வெயில் வேண்டும் என்பது எனக்குப் பின்னரே தெரிந்தது. இவ்வளவும் ஆன பிறகுதான், நிழல் பாத்தியில் பூவைத் தேடுவதை விட்டு இலையைத் தேட வேண்டும் என்பதும், அதிலும் வகைகளைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்பதும் புரிந்தது. நம் மாவட்டத்து வீடுகளில் பலா, மா, புளி, அயினி, தென்னை என்று ஏதேனும் ஒரு மரத்தின் நிழல் விழாத முற்றம் குறைவு என்பதால், அந்தப் பாத்தியைச் சீர்படுத்திய முறையை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நிழலை முதலில் அளந்து பார்க்க வேண்டும்

நிழல் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒரே பாத்தியின் இரு முனைகளிலும் இரண்டு வகை நிழல் இருக்கக்கூடும். ஒரு விடுமுறை நாளில் காலை ஏழு மணி தொடங்கி மாலை ஐந்து மணி வரை, மணிக்கொருமுறை பாத்தியின் எந்தப் பகுதியில் நேர்வெயில் விழுகிறது என்று ஒரு தாளில் குறித்து வைத்தாலே போதும். இரண்டு மூன்று மணி நேரம் வெயில் படும் இடம் ஒருவகை. இலைகளின் இடுக்கு வழியாகப் புள்ளி புள்ளியாக ஒளி மட்டும் விழும் இடம் இன்னொரு வகை. நாள் முழுவதும் ஒரு கீற்றும் விழாத மூலை மூன்றாவது வகை. செடி வாங்கப் போகும்போது இந்தத் தாள் கையில் இருந்தால், கண்ணுக்கு அழகாகத் தெரிந்ததையெல்லாம் வாங்கிவரும் பழக்கம் தானாகக் குறையும்.

நம் பகுதிக்கே உரிய ஒரு செய்தியையும் இங்கே கவனிக்க வேண்டும். குமரி மாவட்டம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ எட்டுப் பாகையில் இருப்பதால், ஏப்ரல் இரண்டாம் வாரம் முதல் ஆகஸ்ட் இறுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கிறது. மீதி மாதங்களில் தெற்கே சாய்ந்து நிற்கிறது. பத்தடி உயரமுள்ள சுவர் டிசம்பர் மாத நண்பகலில் வடபுறமாக ஆறடி நீளத்துக்கு நிழல் போடும்; அதே சுவர் ஜூன் மாத நண்பகலில் தென்புறமாக மூன்றடிக்கும் குறைவாகவே நிழல் போடும். ஆகவே வீட்டின் வடபுறப் பாத்தியை மார்கழியில் பார்த்துவிட்டு, இது முழுநிழல் என்று முடிவுகட்டினால், சித்திரை பிறந்த பிறகு அங்கே விழும் உச்சிவெயிலில் மென்மையான இலைகள் கருகிவிடும். எங்கள் பாத்திக்கு மேலே பலாமரம் குடைபிடிப்பதால் அந்த ஆபத்து குறைவு என்றாலும், மரம் எட்டாத கிழக்கு முனையில் வைத்த பெரணிகள் இரண்டு ஆண்டுகள் மே மாதத்தில் காய்ந்ததற்குக் காரணம் இதுதான். டிசம்பரில் ஒருமுறையும் மே மாதத்தில் ஒருமுறையும் அளப்பது நல்லது.

நிழல் நிலையானதுமன்று. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் தெருவில் ஓர் அயினி மரம் வேரோடு சாய்ந்தது. அதன் அடியில் இருபது ஆண்டுகளாக வளர்ந்திருந்த நிழல்செடிகள் ஒரே நாளில் வெட்டவெளிக்கு வந்து, சில வாரங்களில் பழுத்துப்போயின. மரத்தை நம்பித் தோட்டம் அமைப்பவர்கள், அதே வகைச் செடிகளில் ஒன்றிரண்டையேனும் வீட்டின் வேறு பக்கத்தில் தொட்டியில் வளர்த்து வைத்திருந்தால், மறுபடியும் தொடங்குவது எளிது.

மரத்தைச் சற்றே உயர்த்துதல்

பாத்தி இருண்டு கிடப்பதற்குப் பெரும்பாலும் காரணம் மரத்தின் உச்சியல்ல, தாழ்ந்து தொங்கும் கொப்புகளே. தரையிலிருந்து ஏழெட்டு அடி உயரம் வரை உள்ள சிறு கொப்புகளை நீக்கிவிட்டால், காலையிலும் மாலையிலும் சாய்வாக வரும் ஒளி உள்ளே நுழையும். ஒரே ஆண்டில் மரத்தின் தழையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் கழிக்கக் கூடாது. சற்றுப் பருத்த கொப்பானால், மரத்திலிருந்து ஓரடி தள்ளி முதலில் அடிப்புறத்திலிருந்து பாதி வரை அறுத்து, அதற்குச் சற்று அப்பால் மேலிருந்து அறுத்துக் கீழே இறக்கி, மிச்சமிருக்கும் குச்சியைக் கடைசியாகச் சீராக வெட்ட வேண்டும். இல்லையென்றால் கொப்பு தன் எடையில் ஒடியும்போது தாய்மரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். தென்மேற்குப் பருவமழைக்கு முன்னரே இதை முடித்துவிட்டால், காற்றில் ஒடியக்கூடியவையும் போய்விடும். மரத்தின் தலையையே மொட்டையடிக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை; அதற்குப் பின் வரும் நெருக்கமான துளிர்கள் பழைய நிழலைவிடக் கனத்த நிழலையே தரும்.

அடுத்தது சுவர். நம் ஊர் மதில்கள் இரண்டு பருவமழையிலும் நனைந்து பாசி பிடித்துக் கறுத்துவிடுகின்றன. கறுத்த சுவரின் முன்னால் எந்தச் செடியை வைத்தாலும் அது சுவரோடு சுவராக மறைந்துபோகும். தேங்காய்நார்த் தூரிகையால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு முறை பூசினால், பாத்திக்குள் திரும்பி விழும் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கூடும். ஆண்டுதோறும் ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு, பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதே இதையும் செய்துவிடலாம். எங்கள் பாத்தியில் செலவு மிகக் குறைந்ததும் பலன் மிகுந்ததும் இந்த ஒரு வேலைதான்.

மண்ணும் வேரும்

மரத்தடி மண்ணை மண்வெட்டியால் கொத்திப் புரட்டக் கூடாது. மரத்துக்கு உணவெடுத்துத் தரும் நுண்வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் முதல் ஓரடி ஆழத்துக்குள்தான் பரவியிருக்கிறது. அதை அறுத்தால் மரமும் வாடும், அறுபட்ட இடத்தில் முன்பைவிட அடர்த்தியாக வேர் கிளம்பிப் புதிய செடிகளையும் நெரிக்கும். வேர்களுக்கு இடையே கை நுழையும் இடங்களைத் தேடி, கொத்தனார் வைத்திருக்கும் சிறு கரண்டியால் ஒரு செடி அமரும் அளவுக்குக் குழி எடுத்து, அதில் மட்டும் நல்ல மண்ணை நிரப்புவதே சரியான முறை. பாத்தியை உயர்த்துகிறேன் என்று ஓரடி உயரத்துக்குச் செம்மண்ணைக் கொட்டுபவர்களும் உண்டு. அப்படிக் கொட்டினால் வேருக்குக் காற்று போகாது. அடிமரத்தை ஒட்டி மண் ஏறினால் பட்டை அழுகும். பரப்புவதானால் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். அதுவும் அடிமரத்தைச் சுற்றி ஓரடி விட்டுத்தான்.

வேர் மிக நெருக்கமாக இருந்து கரண்டியே இறங்கவில்லை என்றால், செடியைத் தொட்டியோடு கழுத்தளவு புதைத்துவிடலாம். அடியில் துளையுள்ள மண்தொட்டியே இதற்கு ஏற்றது. மாமரத்தடியில் எனக்கு இந்த வழிதான் கைகொடுத்தது. வாடிய செடியைத் தொட்டியோடு எடுத்துவிட்டு வேறொன்றை அதே குழியில் இறக்கிவிடலாம் என்பது இதில் கிடைக்கும் கூடுதல் வசதி.

கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்புறை மண் புளிப்புத் தன்மை உடையது. நாம் வைக்கப்போகும் பெரும்பாலான இலைச்செடிகளுக்கு அது ஒத்துவரும். மழையில் சேறாகி வெயிலில் இறுகிப்போவதுதான் அதன் குறை. நன்றாக மட்கிய சாணமும் இலைமட்கும் சேர்த்தால் அது தளரும். குளச்சல், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களின் மணல் நிலத்தில் சிக்கல் வேறு: ஊற்றிய நீர் நிற்காமல் கீழே போய்விடும். அங்கே மட்கு இரண்டு மடங்கு வேண்டும்; குழியின் அடியில் ஊறவைத்த கதம்பையை (தேங்காய் மட்டையை) நார்ப்பக்கம் மேலாக ஒரு வரிசை அடுக்கினால் ஈரம் நிற்கும். தென்னை நார்க்கழிவைச் சேர்க்க விரும்புபவர்கள் இரண்டு செய்திகளை நினைவில் வைக்க வேண்டும். மட்காத நார்க்கழிவு மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தானே இழுத்துக்கொள்வதால் செடி மஞ்சளடிக்கும். காயலில் (கடலோர உப்பங்கழியில்) ஊறவைத்த கதம்பையிலிருந்து வந்ததானால் அதில் உப்பும் இருக்கும். நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

புதிதாகக் கட்டிய வீடுகளில் மதிலோரம் தோண்டினால் மண்ணைவிடச் சிமெண்டுக் கட்டியும் செங்கல் உடைசலும்தான் அதிகம் வரும். அவற்றிலிருந்து சுண்ணாம்பு கசிந்து மண்ணின் புளிப்பைப் போக்கிவிடுவதால், இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்ற இடம் வெளிறியும் காணப்படும். எத்தனை உரம் போட்டாலும் அது தீராது. சுவரோரத்து ஓரடி அகலத்தில் உள்ள உடைசலை முழுமையாக அள்ளி வெளியே போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

கூரையிலிருந்து மழைநீர் நேராகப் பாத்தியில் விழும் வீடுகளில், நீர் விழும் கோட்டை ஒட்டி ஓரடி அகலத்துக்குக் கூழாங்கல்லோ உடைந்த ஓட்டுச் சில்லோ பரப்ப வேண்டும். இல்லாவிட்டால் இடவப்பாதி மழையில் (தென்மேற்குப் பருவமழையில்) அந்தக் கோடு முழுவதும் குழிவிழுந்து, தெறிக்கும் சேறு எல்லா இலைகளிலும் அப்பிக்கொள்ளும்.

ஓரம் கட்டுதல்

பாத்தியின் எல்லை தெளிவாக இருந்தால், உள்ளே செடிகள் இன்னும் வளராத நிலையிலும் அது ஒரு தோட்டமாகத் தெரியும். நம் மாவட்டத்தில் பழைய ஓட்டு வீடுகளை இடித்துக் கான்கிரீட் வீடு கட்டுவது நெடுநாளாக நடப்பதால், பழைய ஓடு அதிகச் செலவில்லாமல் கிடைக்கும். ஓட்டைச் செங்குத்தாக நிறுத்திப் பாதியளவு மண்ணில் புதைத்து, ஒன்றையொன்று தொடும்படி வரிசையாக வைத்தால், மழைக்காலத்தில் பாசி படிந்து இரண்டு ஆண்டுகளில் அது இயல்பான அழகைப் பெற்றுவிடும். வெட்டுக்கல்லும் அவ்வாறே. பீங்கானும் கண்ணாடிப் புட்டியும் கவிழ்த்து வைத்த ஓரங்களை நான் விரும்புவதில்லை. செங்கல்லைச் சாய்வாகப் பதித்து ஒன்றுவிட்டு ஒன்று சிவப்பும் வெள்ளையும் அடிப்பது அரசு அலுவலக வாசலை நினைவூட்டுகிறது; அந்தப் பளிச்சென்ற வண்ணம், பக்கத்தில் இருக்கும் இலைகளின் மென்மையான நிற வேறுபாட்டை முழுவதுமாக அடித்துவிடும்.

வளைவான ஓரம் வேண்டுமென்றால் தண்ணீர்க் குழாயைத் தரையில் கிடத்தி, மாடியிலிருந்தோ வாசலிலிருந்தோ பார்த்து, பிடித்த வடிவம் வந்த பிறகு சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொள்ளலாம். நான்கடி அகலமுள்ள பாத்தியில் ஒரே ஒரு நீண்ட வளைவு போதும். பாம்பு நெளிவதைப் போல நான்கைந்து வளைவு வைத்தால் இடம் இன்னும் சிறிதாகத் தெரியும். ஒரு பக்கத்திலிருந்து கை எட்டும் தூரம் இரண்டரை அடிதான் என்பதால், அதற்கு மேல் அகலமுள்ள பாத்தியின் நடுவில் காலூன்ற ஒன்றிரண்டு தட்டைக் கற்களைப் பதித்து வைத்தால், களை எடுக்கப் போகும்போது செடியை மிதிக்க நேராது.

எந்தச் செடி, எந்த இடத்தில்

நிழலில் கறுஞ்சிவப்பும் அடர்பச்சையும் ஊதாவும் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தால் இருட்டின் ஒரு பகுதியாகவே தோன்றும். வெண்மை, இளமஞ்சள், கிளிப்பச்சை ஆகியவை மட்டுமே அங்கே ஒளிர்வதுபோலத் தெரியும். ஆகவே மிக இருண்ட மூலைக்கு மிக வெளிறிய இலை, வெளிச்சம் உள்ள முனைக்கு அடர்ந்த நிறமுள்ள இலை என்று வைப்பதே முறை. நாற்றுப்பண்ணையில் வெயிலில் வைத்துப் பார்க்கும்போது சிவப்புக் கார்டிலைன்தான் கண்ணைக் கவரும். வீட்டுக்குக் கொண்டுவந்து மூலையில் வைத்தவுடன் அது காணாமல் போய்விடும்.

இலையின் வடிவம் நிறத்தைவிட முக்கியமானது. அகன்ற இலை, பொடிப் பொடியாகப் பிரிந்த இலை, வாள்போல் நீண்ட இலை என்று மூன்று வடிவங்கள் அருகருகே இருந்தால், மூன்றும் பச்சையாகவே இருந்தாலும் பாத்தி உயிரோடு இருக்கும். சேம்பு, கலேடியம், டைஃபன்பாக்கியா, அக்லோனிமா, சிங்கோனியம் என்று அகன்ற இலைகளாகவே வாங்கிக் குவித்துவிட்டு ஏன் அழகாக இல்லை என்று கேட்பவர்கள் பலர். முதல் ஆண்டில் நானும் அவர்களில் ஒருவன்.

எங்கள் பாத்தியில் இப்போது இருப்பது இதுதான். மேற்கே, மரத்தை அடுத்த இருண்ட பகுதியில், மதிலை விட்டு ஓரடி தள்ளி, வெள்ளை படர்ந்த டைஃபன்பாக்கியா மூன்று, வரிசையாக இல்லாமல் அடுப்புக் கற்களைப்போல முக்கோணமாக இருக்கின்றன. அவற்றின் முன்னால் ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் பெரணி ஐந்து. கிழக்கே சற்று வெளிச்சமுள்ள பகுதியில் சிவப்பு ஓரமிட்ட அக்லோனிமா ஐந்து. முன்ஓரம் முழுவதும் பத்து அங்குலத்துக்கு ஒன்றாக வெள்ளைக் கோடிட்ட ஸ்பைடர் பிளாண்ட் பதினான்கு. இரண்டு இடங்களில் கலேடியம் கிழங்குகள், கூட்டம் கூட்டமாக. ஆக ஐந்தே வகைகள். ஒரே செடி பதினான்கு முறை திரும்ப வருவதால்தான் அந்த முன்ஓரம் ஒரு கோடாகத் தெரிகிறது. பதினான்கு வகையில் ஒவ்வொன்று வைத்திருந்தால் அது நாற்றுப்பண்ணையின் விற்பனை மேசையைப் போல இருந்திருக்கும்.

பெரணியை விலைகொடுத்து வாங்க வேண்டிய தேவையே இல்லை. கிணற்றின் உள்சுவரிலும் பழைய வெட்டுக்கல் மதிலிலும் அது தானாகவே முளைத்துக் கிடக்கும். அதை மண்ணோடு பெயர்த்து மழைக்காலத்தில் நட்டால் பிடித்துக்கொள்ளும். கீரிப்பாறை, பேச்சிப்பாறை பக்கத்துக் காடுகளில் கண்ட செடிகளைப் பிடுங்கி வருவது மட்டும் கூடாது. காப்புக்காட்டில் அது குற்றமும் ஆகும்; மலையின் குளிரில் வளர்ந்தது நம் முற்றத்தில் பிழைப்பதும் அரிது.

கலேடியம் சேம்பிலை வடிவில் வெண்மையும் இளஞ்சிவப்பும் தீட்டியதுபோல வருவதால் எல்லோரையும் கவரும். கோடைமழை தொடங்கும் ஏப்ரல், மே மாதங்களில் கிழங்கை இரண்டு அங்குல ஆழத்தில் வைத்தால் ஐப்பசி, கார்த்திகை வரை தழைத்திருக்கும். அதன்பின் இலைகள் ஒவ்வொன்றாகப் படுத்துக் கிழங்கு உறங்கப்போகும். செத்துவிட்டது என்று எண்ணிப் பிடுங்கிப் போட வேண்டாம். நீர் தேங்காத இடமானால் மண்ணிலேயே விட்டுவிடலாம். தேங்கும் இடமானால் தோண்டி எடுத்து உலர்ந்த மணலில் வைத்திருந்து அடுத்த கோடைமழைக்கு நடலாம். இந்த உறக்கக் காலத்தில் இடம் வெறுமையாகத் தெரியும் என்பதால், இப்படிப் பருவத்துக்கு மட்டும் தழைப்பவை பாத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. கச்சோலமும் இதே இயல்புடையது. அதன் வட்டமான இலைகள் தரையோடு ஒட்டிப் படர்வதும், அவற்றின் நடுவே காலையில் மலரும் வெள்ளைப் பூவும் மரத்தடிக்கு மிகவும் பொருத்தம். பழைய வீடுகளில் மருந்துக்காக வைத்திருப்பார்கள். கேட்டால் ஒரு துண்டுக் கிழங்கு தருவார்கள்.

பூவே இல்லாமல் மனம் நிறையாது என்பவர்கள், இரண்டு மூன்று மணி நேரம் வெயில் விழும் முனையில் கனகாம்பரம் வைக்கலாம். அந்த அளவு நிழலை அது பொறுத்துக்கொள்ளும். பூவின் எண்ணிக்கை சற்றுக் குறையுமே தவிர நின்றுவிடாது. தோவாளைச் சந்தையில் விற்கும் அளவுக்கு எதிர்பார்க்காமல், வீட்டில் தலைக்கு வைக்க ஒரு முழம் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம் இல்லை. ஈரம் நிற்கும் இடத்தில் வல்லாரையைப் படரவிட்டால் தரையும் மூடும், துவையலுக்கும் ஆகும்; துணி துவைக்கும் கல்லிலிருந்து சோப்புத் தண்ணீர் ஓடிவரும் இடமானால் அதைச் சாப்பிடக் கூடாது.

ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய தோவாளை வட்டத்து ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒரு மாற்றம் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் அங்கே அடிக்கும் காற்று, நிழலில் இருக்கும் அகன்ற இலையையும் கிழித்து உலர்த்திவிடும். அங்கே டைஃபன்பாக்கியாவுக்குப் பதிலாக மஞ்சள் ஓரமுள்ள மருள் (ஸ்னேக் பிளாண்ட்) வகையும், கலேடியத்துக்குப் பதிலாகக் கற்பூரவல்லியும் வைத்து, மேற்குப் பக்கத்தில் ஓலைத் தட்டியோ உயரமான செடிவேலியோ அமைப்பது நலம்.

வேண்டாதவை பற்றியும் எழுத வேண்டும். மஞ்சள் பூவோடு தரையில் படரும் வெடிலியாவை விரைவில் மூடும் என்று சொல்லி விற்கிறார்கள். அது மூடும், பிறகு பக்கத்துத் தோப்பையும் ஓடைக்கரையையும் சேர்த்து மூடும். உலகின் மிகக் கேடான நூறு அந்நிய ஊடுருவிகளின் பட்டியலில் அதுவும் ஒன்று. மணி பிளாண்டைத் தொட்டியில் வைத்தால் அடக்கமாக இருக்கும். பலாமரத்தடியில் தரையில் விட்டால் மரத்தில் ஏறி, ஏற ஏற இலை பெரிதாகி, நாலைந்து ஆண்டுகளில் காய் பறிக்க ஏறும் வழியையே மறைத்துவிடும். டைஃபன்பாக்கியா, கலேடியம், அக்லோனிமா ஆகியவற்றின் சாற்றில் ஊசிபோன்ற நுண்படிகங்கள் இருப்பதால் கடித்தால் வாயும் தொண்டையும் வீங்கும், கையில் பட்டால் அரிக்கும். தவழும் குழந்தையோ அவிழ்த்துவிட்ட ஆடோ உள்ள வீடுகளில் இவற்றை விலக்கிவிட்டு, ஸ்பைடர் பிளாண்டும் பெரணியும் கூவையும் மட்டும் வைத்தே பாத்தியை நிரப்பலாம்.

பலாமரத்தடிக்கு மட்டும் உரிய ஓர் எச்சரிக்கை: காய் எங்கே விழும் என்று பார்த்த பிறகே நட வேண்டும். பலா தன் காயை அடிமரத்திலும் பருத்த கொப்புகளிலும் காய்ப்பதால் விழும் இடத்தை ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம். பதினைந்து கிலோ சக்கை (பலாப்பழம்) ஒன்று விழுந்து என் அக்லோனிமா இரண்டைத் தரையோடு தரையாக்கியதோடு, சிதறிய சுளைக்கு வந்த எறும்பும் ஈயும் ஒரு வாரம் போகவில்லை. இப்போது அந்த இடத்தில் செடி இல்லை; பாட்டி காலத்து ஆட்டுரல் ஒன்றை வைத்திருக்கிறேன். பார்வை போய் நிற்க ஒரு பொருள் பாத்திக்குத் தேவைப்பட்டது; அதற்கு இதுவே போதும், கூடவே கொக்குப் பொம்மையும் காளான் பொம்மையும் வேண்டியதில்லை. உரலின் குழியில் மழைநீர் நின்றால் கொசு முட்டையிடும் என்பதால், அதைக் கூழாங்கற்களால் விளிம்பு வரை நிரப்பி வைத்திருக்கிறேன். தொட்டிகளின் அடித்தட்டு, சிரட்டை, இலைக்கிண்ணத்தில் நீர் பிடிக்கும் புரோமிலியாட் ஆகியவற்றையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

நடுவதும் பேணுவதும்

நடுவதற்கு ஏற்ற காலம் ஜூன் முதல் வாரம். அதைத் தவறவிட்டால் அக்டோபர். இரண்டு பருவமழையும் கிடைக்கும் மாவட்டம் என்பதால் நமக்கு இரண்டாவது வாய்ப்பும் உண்டு. செடிகளைத் தொட்டியோடு பாத்தியில் அவற்றுக்குரிய இடங்களில் வைத்து, இரண்டு நாள் தள்ளி நின்று பார்த்து, மாற்ற வேண்டியதை மாற்றிய பிறகே குழி எடுப்பது என் வழக்கம். முதல் ஆண்டில் இடைவெளி அதிகமாகத் தெரியும். அதை நிரப்ப ஆசைப்பட்டு நெருக்கி நட்டால், மூன்றாம் மழைக்காலத்தில் காற்றோட்டம் இன்றி இலைப்புள்ளி நோய் வரும்.

மழை பெய்கிறதே என்று மரத்தடியைக் கவனிக்காமல் விடக் கூடாது. அடர்ந்த மரத்தின் கீழே சிறு தூறல் தரையைத் தொடுவதே இல்லை. விழுந்த ஈரத்தையும் மரத்தின் வேர் உறிஞ்சிக்கொள்ளும். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் காலையில் செடியின் தூரில் ஊற்ற வேண்டும். மாலையில் இலைமேல் தெளித்தால் இரவெல்லாம் ஈரம் நின்று அழுகலும் நத்தையும் சேர்ந்து வரும். பங்குனியில் வாரம் மூன்று முறை எங்கள் பாத்திக்குத் தேவைப்படுகிறது. ஆடியில் சில வாரங்கள் ஒருமுறைகூடத் தேவைப்படுவதில்லை.

பலா இலை தடித்தது. அப்படியே பரப்பினால் தட்டுத் தட்டாக ஒட்டிக்கொண்டு நீரை உள்ளே விடாது. காய்ந்த சருகைச் சாக்கில் போட்டு மிதித்து நொறுக்கி, இரண்டு அங்குலக் கனத்தில், செடியின் தண்டை விட்டு இரண்டு விரல் தள்ளிப் பரப்பினால், களையும் குறையும், ஈரமும் நிற்கும், தரையின் நிறமும் சீராகத் தெரியும். கோழி வளர்க்கும் வீடுகளில் இந்தச் சருகு ஒரு நாள் தாங்காது. அங்கே ஈர்க்குகளை அரை அடி உயரத்துக்கு நறுக்கிச் செடிகளுக்கு நடுவே நெருக்கமாகக் குத்தி வைத்தால் கோழி கிளறுவதைக் கைவிட்டுவிடும்.

மழைக்காலத்தின் பெரிய தொல்லை ஆப்பிரிக்கப் பெருநத்தை. ஒரே இரவில் கலேடியம் முழுவதையும் நரம்பாக்கிவிடும். பாத்தியில் உப்பைத் தூவுவது மண்ணைக் கெடுத்துச் செடியையும் கொல்லும். அதைச் செய்ய வேண்டாம். மாலையில் ஒரு சாக்கை நனைத்து, அதனடியில் பப்பாளி இலைகளை வைத்துவிட்டு, விடியுமுன் தூக்கிப் பார்த்தால் அவை அங்கே கூடியிருக்கும். கையுறையோ நெகிழிப் பையோ அணிந்து எடுத்து, வாளியில் கரைத்து வைத்த உப்புநீரில் போட வேண்டும். மனிதருக்கு மூளைக்காய்ச்சல் உண்டாக்கக்கூடிய ஒருவகைப் புழு அவற்றில் இருக்கக்கூடும் என்பதால் வெறுங்கையால் தொடவே கூடாது.

செடி அடர்ந்தால் பாம்பு வரும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மதிலை ஒட்டி ஓரடி வெற்றிடம் விட்டு, தரையில் படியும் அடி இலைகளைக் கழித்து, கல் குவியலோ ஓட்டுக் குவியலோ பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொண்டால், எலிக்கும் தவளைக்கும் மறைவிடம் குறையும். அவற்றைத் தேடி வருவதும் குறையும். அந்த ஓரடி இடைவெளி சுவருக்குச் சுண்ணாம்பு பூசவும் பயன்படும்.

உரம் அதிகம் வேண்டியதில்லை. ஜூனிலும் அக்டோபரிலும் செடிக்கு இரண்டு கைப்பிடி மட்கிய சாணமோ மண்புழு உரமோ போதும். வெள்ளைக் கோடிட்ட செடிகளில் சில நேரம் முழுப்பச்சைத் துளிர் ஒன்று கிளம்பும். பச்சையம் மிகுந்ததால் அது மற்றவற்றைவிட வேகமாக வளர்ந்து, விட்டுவிட்டால் செடி முழுவதையும் பச்சையாக்கிவிடும். கண்டவுடன் அடியோடு கிள்ளிவிட வேண்டும். மாதம் ஒருமுறை மெல்லிய ஈரத்துணியால் அகன்ற இலைகளைத் துடைப்பதும் வீண்வேலையன்று; சாலையோர வீடுகளில் படியும் செம்மண் தூசு இலையின் வெண்மையை மறைத்துவிடுகிறது.

மூன்றாம் ஆண்டு ஜூனில் பெரணியும் ஸ்பைடர் பிளாண்டும் ஒன்றோடொன்று மோதத் தொடங்கும். அப்போது ஒவ்வொரு செடியின் தூரையும் முழுதாகத் தோண்டி எடுத்து, கத்தியால் மூன்றாகப் பிளந்து, வெளிப்புறத்து இளந்துண்டை மட்டும் அதே குழியில் புது மட்கோடு நட்டு, நடுவிலுள்ள முதிர்ந்த பகுதியை உரக்குழியில் போட்டுவிடலாம். மீதித் துண்டுகளை ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் நாலைந்து நாள் தாங்கும். அதற்குள் கேட்டு வருபவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும்.